போர் முடிஞ்ச ஊருல முதல்ல எதை எரிக்கிறது: ஆயில் ஷேலா, விறகா, நிலக்கரியா, ஆறா?

நாங்க நாலு பேரு சேர்ந்து ஒரு கேமுக்கு உலகம் எழுதிட்டு இருக்கோம். பெரிய போர் முடிஞ்சு மூணு மாசம் ஆன உலகம், கப்பல்ல கச்சா எண்ணெய் வர்றது நின்னுபோச்சு, கிரிட் அங்கங்க அறுந்து கெடக்கு, 40 ஆயிரம் பேரு இருக்குற ஒரு ஊரு, பக்கத்துல ஒரு ஆறு, கொஞ்சம் காடு, 60 கிலோமீட்டர் தள்ளி மூடிப்போன ஒரு நிலக்கரி சுரங்கம், அப்புறம் மேப் வரைஞ்சவன் ஆசைப்பட்டு ஊருக்கு வடக்க ஒரு ஆயில் ஷேல் படுகையும் வெச்சுட்டான். ஊர் சபை எதுல கை வைக்கணும்னு இப்ப முடிவு பண்ணணும். மேப் வரைஞ்சவனுக்கு இதுல சந்தேகமே இல்ல, "அதான் காலுக்கடியில எண்ணெய் கெடக்கே, அப்புறம் என்ன பேச்சு"ங்கறான். ரெண்டு வாரமா அவன்கூட மல்லுக்கட்டிட்டு இருக்கேன், அந்த மல்லுக்கட்டுதான் இது.

முதல்ல ஒரு குழப்பத்த தீத்துருவோம். ஆயில் ஷேல் வேற, அமெரிக்காவுல தண்ணிய அழுத்தி பாறைய உடைச்சு எடுக்குறாங்களே அந்த எண்ணெய் வேற. அது ஏற்கனவே எண்ணெயா ஆகி பாறைக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்குறது. இது இன்னும் எண்ணெயாவே ஆகாத சரக்கு. கெரோஜன்னு ஒரு மெழுகு மாதிரி சமாச்சாரம் கல்லோட கல்லா கலந்து இருக்கும், ஆழத்துல இன்னும் பல லட்சம் வருஷம் வெந்திருந்தா எண்ணெயா ஆயிருக்கும், வேகல, அந்த மிச்ச சமையல நாம சுமார் 500 டிகிரி சூட்டுல காத்து படாம அடைச்சு வெச்சு செய்யணும். அந்த அடுப்புக்குப் பேருதான் ரிட்டார்ட்.

காலேஜ் ஜியாலஜி லேப்ல இதுல ஒரு துண்டு கைல வாங்கி பாத்திருக்கேன், எஸ்டோனியாவோட குக்கர்சைட், காஞ்ச மண்ணு மாதிரி பழுப்பு, கல்லுன்னு நினைச்சு தூக்குனா எதிர்பாத்த கனம் இல்லாம கை சட்டுனு மேல போயிரும். லேப்ல இருந்த அண்ணன் ஓரத்துல ஒரு சில்லு பேத்து லைட்டர காட்டுனாரு, கரும்புகையோட நின்னு எரிஞ்சுது, ரப்பர் எரியிற நாத்தம், எரிஞ்சு முடிஞ்சதும் சில்லு இருந்த அதே சைஸ்ல சாம்பல் அங்கேயே உக்காந்திருந்துச்சு. அந்த கடைசி விஷயத்த ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி அதுதான் பிரச்சனை. கொலராடோவுல ஒரு கதை சொல்லுவாங்க, ஒருத்தரு புதுசா கட்டுன வீட்டுக்கு கணப்பு அடுப்ப இந்தக் கல்லுலயே கட்டி, கிரகப்பிரவேசத்தன்னிக்கு ஊரக் கூப்பிட்டு முதல் தீ மூட்டுனாராம், அடுப்போட சேந்து வீடும் எரிஞ்சுபோச்சாம். நெசமோ பொய்யோ, கல்லு எரியும்ங்கறது நெசம்.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். ஒரு கணக்கு போட்டு பாத்தேன், எல்லாம் நான் வெச்சுக்கிட்ட கணக்குதான். ஒரு டிராக்டர் நாளைக்கு எட்டு மணி நேரம் ஓடுனா சுமார் 50 லிட்டர் டீசல் குடிக்கும், 30 டிராக்டருக்கு 1500 லிட்டர். நல்ல தரமான ஆயில் ஷேல் ஒரு டன்னுக்கு 100 லிட்டர் எண்ணெய் குடுக்கும், அமெரிக்காவோட கிரீன் ரிவர் படுகையில நல்ல அடுக்குகள் அந்த அளவுக்கு வரும். அப்ப நாளைக்கு 15 டன் கல்லு. கேட்டா சின்ன குவாரி வேலைதானேன்னு தோணும், மேப்காரன் இங்கதான் துள்ளிக் குதிச்சான். ஆனா ரிட்டார்ட்ல இருந்து சொட்டுறது டீசல் இல்ல. கருப்பா பிசுபிசுன்னு நைட்ரஜன், கந்தகம், பீனால்னு எல்லாம் கலந்த ஒரு கொழம்பு, அத காய்ச்சி வடிக்கணும், சுத்தம் பண்ண ஹைட்ரஜன் வேணும், இல்லேன்னா நாலு நாள்ல இன்ஜெக்டர்ல பிசின் கட்டிரும். வர்ற 1500 லிட்டர்ல மூணுல ஒரு பங்கு டிராக்டருக்கு ஆகும்னு வெச்சா, கல்லு 45 டன் ஆயிருது, அத உடைக்க கிரஷர், கிரஷருக்கு கரண்ட், குளிர வைக்கத் தண்ணி, குழாய் பத்தவைக்க வெல்டிங் ராடு, 500 டிகிரி தாங்குற இரும்பு. கரண்ட் இருந்தா எண்ணெய் எடுக்கலாம், ஆனா கரண்டுக்குத்தானே எண்ணெய் வேணும்னு ஆரம்பிச்சோம்?

நான் சொல்ல வர்றது இது ஒண்ணுதான். மண்ணுக்கடியில எவ்வளவு கெடக்குங்கறது ரெண்டாவது கேள்வி. அது முதல் சொட்டு குடுக்குறதுக்கு முன்னாடி நம்ம கைல என்னென்ன இருக்கணும்னு கேக்குது, அதுதான் முதல் கேள்வி. கிரீன் ரிவர் படுகையில மட்டும் 4 லட்சம் கோடி பேரலுக்கு மேல எண்ணெய்க்கு சமமான சரக்கு இருக்குன்னு அமெரிக்க நில ஆய்வுத்துறையே கணக்கு போட்டு வெச்சிருக்கு, உலகத்துலயே பணக்கார நாடு, போர் இல்ல, பஞ்சம் இல்ல, அப்பவும் 1982 மே 2ஆம் தேதி எக்ஸான் கம்பெனி கொலராடோவுல தன்னோட பெரிய திட்டத்த ஒரே நாள்ல இழுத்து மூடி 2 ஆயிரத்துக்கு மேல ஆளுங்க வேலை போச்சு, அந்த ஊருக்காரங்க இன்னிக்கும் அத கருப்பு ஞாயிறுன்னுதான் சொல்றாங்க. எண்ணெய் விலை எறங்கவும் கணக்கு ஒத்து வரல, அவ்வளவுதான் காரணம்.

போர்க்காலத்துல விலை ஒரு பொருட்டு இல்லேன்னு வாதம் வரும். வந்துச்சு. அதுக்கும் பதில் இருக்கு, நல்ல பதில் இல்ல. 1944ல நேச நாட்டு விமானங்க ஜெர்மனியோட செயற்கை பெட்ரோல் ஆலைங்கள வரிசையா அடிச்சாங்க, லாய்னா ஆலை மே மாசம் அடி வாங்குச்சு. உடனே ஜெர்மனி தெற்குல பாலிங்கன் பக்கம் இருந்த ஷேல் மலையத் தோண்ட ஆரம்பிச்சுது, திட்டத்துக்கு வெச்ச பேரே பாலைவனம். 10 ஆலை கட்ட நினைச்சு நாலுதான் ஓடுச்சு, ஒரு டன் எண்ணெய்க்கு சுமார் 35 டன் கல்லு, தோண்டுனது எல்லாம் நாஜி வதை முகாம் கைதிங்க, 10 ஆயிரத்துக்கு மேல கொண்டு வந்ததுல 3500 பேருக்குக் குறையாம செத்தாங்க. எஸ்டோனியாவுல வைவாரா முகாமோட கதையும் இதேதான், யூதக் கைதிங்கள வெச்சு ஷேல் வேலை. போருக்கு அப்புறம் சோவியத் காலத்துலயும் அங்க கைதி உழைப்பு ஓயல. இத நான் உணர்ச்சிவசப்பட்டு சொல்லல, கணக்காவே சொல்றேன், அவசரத்துல மெஷின் இல்லாம ஷேல் எடுக்கணும்னா டன் கணக்குல கல்ல மனுஷன் கையாலதான் நகத்தணும், அதுக்கு எந்த சபையும் ஆள் தேடுறப்ப கூலிக்கு வர்றவன் பத்தாம போவான், அப்புறம் யாரு முகத்தப் பாப்பாங்கன்னு தெரியும்தானே. எங்க கேம்ல தோத்துப்போன பக்கத்து கைதிங்க 600 பேரு இருக்காங்க. மேப்காரன் அவங்கள ஏற்கனவே குவாரிக்கு அனுப்பிட்டான், ஒரு வரியில, சும்மா விளையாட்டுப் போக்குல.

சரி, அப்ப முதல் மாசம் எது? விறகு. பழைய காலத்து விஷயம்னு சிரிக்காதீங்க, அடுப்புல வெக்கிறத சொல்லல, விறகு கேஸ சொல்றேன். ஒரு டிரம்முல மரத்துண்ட போட்டு காத்த அளவா விட்டு அரைகுறையா எரிச்சா கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த ஒரு வாயு வரும், அத வடிகட்டி ஆறவெச்சு நேரா பெட்ரோல் இன்ஜினுக்கு குடுக்கலாம், டீசல் இன்ஜினா இருந்தா பத்தவைக்க கொஞ்சம் டீசல் சேத்துக்கணும். இரண்டாம் உலகப்போர் முடியிறப்ப ஜெர்மனியில மட்டும் சுமார் 5 லட்சம் வண்டி இப்படி ஓடுச்சு, போர்ல சேராத சுவீடன்லயே 70 ஆயிரத்துக்கு மேல. அமெரிக்காவோட பேரிடர் துறை 1989ல, பெட்ரோல் கிடைக்காத நாளுக்குன்னு, தகர டிரம், குப்பைத்தொட்டி, குழாய வெச்சு இத எப்படி செய்யிறதுன்னு ஒரு கையேடே போட்டு வெச்சிருக்கு. ஒரு லிட்டர் பெட்ரோல் செய்யிற வேலைக்கு காஞ்ச மரம் சுமார் 3 கிலோ. நம்ம 1500 லிட்டருக்கு நாலரை டன் மரம். அந்தப் பக்கம் 45 டன் கல்லு, ரிஃபைனரி, ஹைட்ரஜன், இந்தப் பக்கம் நாலரை டன் மரமும் ஒரு வெல்டரும்.

இதுல கஷ்டமே இல்லேன்னு யாராவது சொன்னா அவங்க ஓட்டிப் பாத்தது இல்லேன்னு அர்த்தம். காலையில பத்தவெச்சு வண்டி கெளம்பவே பத்து இருபது நிமிஷம், இன்ஜின் சக்தி மூணுல ஒண்ணு கொறைஞ்சிரும், சில சமயம் பாதி, தார் போய் வால்வுல ஒட்டும், தினம் ஃபில்டர் கழுவணும், மூடுன ஷெட்டுக்குள்ள ஓட்டுனா கார்பன் மோனாக்சைடு மூச்சுல ஏறி ஆளே காலி. அப்புறம் காடு. 365 நாளும் நாலரை டன்னுன்னா வருஷத்துக்கு 1600 டன்னுக்கு மேல, ஒரு ஹெக்டேர் வருஷத்துக்கு 3 டன் வளந்து குடுக்கும்னு வெச்சாலும் 550 ஹெக்டேர் காட்ட டிராக்டருக்கு மட்டுமே எழுதி வெக்கணும், இதுல குளிருக்கும் சமையலுக்கும் ஊரே வெட்டிட்டு இருக்கும். பெட்ரோல் திரும்பி வந்த உடனே ஐரோப்பாவுல அத்தன பேரும் அந்த டிரம்ம கழட்டி வீசுனாங்க, அதுலயே தெரியும் அத யாரும் ஆசைப்பட்டு மாட்டலேன்னு. ரெண்டு வருஷத்து பாலம் அது, அப்படித்தான் பாக்கணும்.

நிலக்கரிய பத்தி நீட்டி முழக்க வேணாம், போர் முடிஞ்ச நாடுங்க எல்லாம் உண்மையில எழுந்திரிச்சது அதுல ஏறித்தான். ஜப்பான் 1946 கடைசியில ஒரு முடிவெடுத்துச்சு, அரிசாவா ஹிரோமின்னு பொருளாதாரக்காரர் சொன்ன யோசனை, இருக்குற எல்லாத்தையும் நிலக்கரிக்கும் உருக்குக்கும் குடு, வர்ற நிலக்கரிய உருக்கு ஆலைக்குக் குடு, வர்ற உருக்க திரும்ப சுரங்கத்துக்கே குடு, மத்தவன் காத்திருக்கட்டும். 1947க்கு 3 கோடி டன் இலக்கு, கிட்டத்தட்ட தொட்டுட்டாங்க. சட்டி பானைக்கு இரும்பு இல்லாம சனம் திட்டிருக்கும், ஆனா வரிசை அதுதான். ஜெர்மனியில ரூர் சுரங்கத் தொழிலாளிக்கு மத்தவங்கள விட ரேஷன் அதிகம், வயித்துக்கு இல்லாதவன் கரி வெட்ட மாட்டான்னு சீக்கிரமே புரிஞ்சிருச்சு. 1946 டிசம்பர் 31 ராத்திரி கொலோன் நகரத்து கத்தோலிக்க கார்டினல் ஃபிரிங்ஸ் பிரசங்கத்துல, உயிர் பொழைக்க வேற வழி இல்லேன்னா தேவையானத எடுத்துக்கலாம்ங்கற மாதிரி பேசப்போக, சரக்கு ரயில்ல ஏறி கரி திருடுறதுக்கு ஊருல "ஃபிரிங்ஸ் பண்றது"ன்னே பேராயிருச்சு. அதனால எங்க சபைக்கு நான் சொல்றது, 60 கிலோமீட்டர் தள்ளி இருக்குற அந்த சுரங்கத்துல தண்ணிய எறைக்கிற வேலைய முதல் மாசமே ஆரம்பிங்க, ரெண்டு பாலம், தண்டவாளம், சுரங்கத்துல தாங்கு கட்டை எல்லாம் சரி பண்ண ஒரு வருஷம் ஓடிரும், ரயில் வந்தா கரிய பாதி வழியில யாரு எறக்குறான்னும் பாத்துக்கங்க.

ஆறு எனக்குப் பிடிச்சது, அதனால கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கலாம். விநாடிக்கு 100 லிட்டர் தண்ணி 10 மீட்டர் உயரத்துல இருந்து விழுந்தா, இழப்பெல்லாம் போக 6, 7 கிலோவாட் கைக்கு வரும், ராத்திரி பகல்னு 24 மணி நேரமும். கேக்க சின்னதா இருக்கும். ஆனா ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டர் விளக்கு, தடுப்பூசி ஃபிரிட்ஜ், ஒரு குடிதண்ணி மோட்டார், ஒரு வயர்லெஸ் செட், இவ்வளவும் அதுக்குள்ள அடங்கிரும். 1992ல இருந்து 1995 வரைக்கும் போஸ்னியாவுல கோராஜ்டே ஊரு முற்றுகையில கெடந்தப்ப, ஊர்க்காரங்களே பழைய பீப்பாய மிதக்கவிட்டு, அதுல துடுப்புச் சக்கரம் கட்டி, உடைஞ்சுபோன வண்டி, மெஷின்ல இருந்து கழட்டுன டைனமோவும் மோட்டாரும் மாட்டி, டிரினா ஆத்துல பாலத்துல இருந்து கயிறு கட்டி மிதக்க விட்டாங்க. வீட்டுல ஒரு பல்பு, ரேடியோவுல செய்தி, அவ்வளவுதான் வந்துச்சு. அந்த பல்புக்கு யாரும் லைசன்ஸ் கேக்கல, இன்ஜினியர் வரணும்னு காத்திருக்கல. பெரிய அணைன்னா அது தனி ஆட்டம், உக்ரைன்ல டினிப்ரோ அணைய 1941ல சோவியத் படை பின்வாங்குறப்ப அதுவே வெடி வெச்சுது, 1943ல போறப்ப ஜெர்மனிக்காரன் திரும்ப வெச்சான், சரி பண்ணி முதல் ஜெனரேட்டர் சுத்துனது 1947 மார்ச்சுல, அதுவும் அமெரிக்காவுல செஞ்ச ஜெனரேட்டர் கப்பல்ல வந்து. எங்க ஊருக்கு கப்பல் வராது. அதனால சின்னச் சின்னதா பத்து இடத்துல போடுங்கறது என் கட்சி.

காத்துல கரண்ட் எடுக்குற காத்தாடிக்கு ஒரு கதை போதும். அமெரிக்காவுல வெர்மான்ட்ல கிராண்ட்பாஸ் நாப் குன்று மேல 1941ல 1.25 மெகாவாட் காத்தாடி ஓட ஆரம்பிச்சுது, அப்ப உலகத்துலயே பெருசு. 1943 பிப்ரவரியில மெயின் பேரிங் போச்சு. ஒரே ஒரு பேரிங். போர்க்காலம், மாத்து பேரிங் வர ரெண்டு வருஷம் ஆச்சு. 1945 மார்ச்சுல திரும்ப ஓடுச்சு, அந்த மாசமே 26ஆம் தேதி இறக்கை ஒண்ணு முறிஞ்சு பறந்துருச்சு, அந்த எடம் பலவீனமா இருக்குன்னு முன்னாடியே தெரியும், சரி பண்ண சாமான் கிடைக்கல. சொந்தமா பேரிங் செய்யத் தெரியாத ஊரு பெரிய காத்தாடி பக்கம் போகக் கூடாது, கார் ஆல்டர்னேட்டர்ல ஓடுற குட்டிக் காத்தாடி வேணா ஆளாளுக்கு வெச்சுக்கலாம்.

சோலார புதுசா நம்மால செய்ய முடியாது, சிலிக்கான சுத்தம் பண்ற ஆலை, செல் ஆலை எல்லாம் உலகம் முழுக்க கையோட கை கோத்தாதான் நடக்கும். ஆனா இருக்குற பேனல் எங்கயும் போகல. கூரை மேல உக்காந்திருக்கு, 25 வருஷத்துக்கு மேல ஓடும், வருஷத்துக்கு அரை சதவீதம் போல கொறையும். 300 வாட் பேனல் 300 கழட்டிட்டு வந்தா, நாளைக்கு நாலு மணி நேரம் நல்ல வெயில் கணக்குல 360 யூனிட், அந்த சின்ன ஆத்து டர்பைன் ரெண்டுக்கு மேல. இங்க முதல்ல மண்டையப் போடுறது இன்வெர்ட்டரும் பேட்டரியும்தான், அதனால பேட்டரிய நம்பாம வெயில் இருக்குறப்பவே தண்ணி எறைச்சு டேங்க்ல ஏத்திக்கோ, மாவு அரைச்சுக்கோ, வெல்டிங்க மதியானத்துல வெச்சுக்கோன்னு ஊரோட நேரத்தையே மாத்தணும். மீட்புக் குழுல பாதிப் பேர நான் இதுக்குத்தான் விடுவேன். அணு உலைய சபை பேசவே வேணாம், வெளிய இருந்து கரண்ட் வராட்டி உலையக் குளிர வைக்கிறதே திண்டாட்டம், போர் நடக்குற உக்ரைன்ல ஜபோரிஜியா அணு மின் நிலையத்துல 2022ல இருந்து உலகமே அத பாத்துட்டு இருக்கு. தாவர எண்ணெயில டீசல் இன்ஜின் ஓடும், 1900 பாரிஸ் கண்காட்சியிலயே கடலை எண்ணெயில ஓட்டிக் காட்டுனாங்க, ஆனா புள்ளைங்க பசியில இருக்குறப்ப இன்ஜினுக்கு எண்ணெய் ஊத்துனா சபை ஒரு வாரம் தாங்காது.

திரும்ப ஷேலுக்கு வரேன், ஏன்னா ரெண்டு வாரம் சண்டை போட்டதுல நானும் ஒரு இடத்துல மாறிட்டேன். ஷேலே வேணாம்னு ஆரம்பிச்சவன் நான். எஸ்டோனியாவ படிக்க படிக்கத்தான் புரிஞ்சுது, தப்பு கல்லு மேல இல்ல, அதுகிட்ட பெட்ரோல் கேட்டதுலதான். 1924லயே டாலின் மின் நிலையத்துல அந்தக் கல்ல அப்படியே உடைச்சு கொதிகலன்ல போட்டு எரிச்சிருக்காங்க, அப்புறம் நார்வா பக்கம் ரெண்டு ராட்சச மின் நிலையம் கட்டி, அந்த நாட்டோட கரண்ட்ல 90 சதவீதத்துக்கு மேல இந்தக் கல்லுல இருந்தே ரொம்ப காலம் வந்துச்சு. முற்றுகையில நொந்துபோன லெனின்கிராடுக்கு 1948ல சமையல் கேஸ் போனது எங்க இருந்துன்னு நினைக்கிறீங்க, அதே எஸ்டோனியாவோட கோட்லா-யார்வேயில ஷேல சூடு பண்ணி வந்த கேஸ், சுமார் 200 கிலோமீட்டர் குழாய்ல. கனமான எண்ணெய ரயில் கட்டைக்குப் பூசலாம், மக்காது. ரோட்டுக்குத் தாரா போடலாம்.

எல்லாத்தையும் விட ஒண்ணு. ஜெர்மனியில அந்தப் பாலைவனத் திட்டம் நாசமாப்போன அதே மலையடிவாரத்துல, டோட்டர்ன்ஹவுசன்ல ஒரு சிமென்ட் ஆலை அதே கல்ல எரிச்சு கரண்ட் எடுத்துட்டு சாம்பல சிமென்ட்ல கலக்குது. சுமார் 800 டிகிரியில எரிஞ்ச ஷேல் சாம்பல் தண்ணி பட்டா தானே இறுகும், ஐரோப்பிய சிமென்ட் தரப் பட்டியல்லயே எரிஞ்ச ஆயில் ஷேலுக்குன்னு ஒரு வகை இருக்கு. நான் லேப்ல பாத்தேனே, எரிஞ்சும் அதே சைஸ்ல உக்காந்திருந்த சில்லு, குக்கர்சைட்ல கிட்டத்தட்ட பாதி எடை சாம்பலா மிஞ்சும், பெட்ரோல்காரனுக்கு அது குப்பை, இடிஞ்ச ஊருக்கு அது சுவரு. ஊர்ல பாதி வீட்டுக்குக் கூரை இல்ல, அவங்ககிட்ட டீசல் வேணுமா சிமென்ட் வேணுமான்னு கேட்டுப்பாருங்க.

அதனால நான் சபைக்கு எழுதிக் குடுத்தது இப்படி. முதல் மாசம் சோலார் பேனல் பொறுக்கு, விறகு டிரம் பத்து வெல்டு பண்ணு, வெட்டுற காட்டுக்கு இப்பவே எல்லக்கல் நடு, சுரங்கத்துல தண்ணி எறை. முதல் வருஷத்துக்குள்ள ஆத்துல ரெண்டு டர்பைன். நிலக்கரி ரயில் ரெண்டாம் வருஷம். மூணாம் வருஷம் ஷேல், அதுவும் எரிக்க மட்டும், ஒரு பாய்லர், பக்கத்துலயே செங்கல் சூளையும் சிமென்ட் அரவையும். ரிட்டார்ட் அஞ்சாம் வருஷம் பாக்கலாம், அப்பவும் சின்னதா ஒண்ணு, ரயில் கட்டைக்கும் கூரைக்குத் தார் பூசவும். எரிபொருள் எண்ணெய் தேவைன்னா அதுக்கு அப்புறம். குவாரிக்குப் போறவன் எவனா இருந்தாலும் கூலி உண்டு, ரூர்காரனுக்கு குடுத்த மாதிரி கூட ஒரு பங்கு ரேஷனும் உண்டு, அந்த 600 பேருக்கும் சேத்து. இதுல மேப்காரன் பாதிக்கு ஒத்துக்கிட்டான், கைதி விஷயத்துல மட்டும் "அப்ப கேம்ல சுவாரசியம் எங்க"ன்னு இன்னும் முனகிட்டு இருக்கான்.

இன்னொண்ணு மிச்சம் இருக்கு, சாம்பல் எல்லாம் சிமென்ட்டுக்குப் போயிராது, மீதிய எங்கயாவது கொட்டணும், உடைச்ச கல்லு தோண்டுன குழியவிட அதிக இடம் அடைக்கும், திரும்ப அதுக்குள்ள போகாது. சுவீடன்ல க்வார்ன்டோர்ப்ல போர்க்காலத்துல ஆரம்பிச்ச ஷேல் ஆலைய 1966ல மூடுனாங்க, கொட்டி வெச்ச மேடு சுமார் 100 மீட்டர் உயரம், உள்ள இன்னும் சூடு ஆறல, மழை பெஞ்சா ஆவி எழும்புது. எங்க மேடு ஊருக்கு எந்தப் பக்கம்னு கேட்டேன். மேப்ப விரிச்சு ரெண்டு பேரும் ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தோம், ஆத்துக்குத் தள்ளி இருக்கணும், காத்து ஊர்ப்பக்கம் அடிக்காத திசையா இருக்கணும், அப்பதான் கவனிச்சோம், மேப்புல காத்து எந்தத் திசையில இருந்து அடிக்குதுன்னே அவன் இன்னும் போடல.